கம்பெனி மாறினால் பாட்டு மாறுமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் கிழக்கேகோட்டைக்குத் தனிக் களை வந்துவிடும். பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதில்லை. கறுப்பு வேட்டி கட்டிய சாமிமார் இருமுடியும் கையுமாகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். எந்தக் கடையிலிருந்து பாட்டு வந்தாலும் அது ஜேசுதாஸின் குரலாகவே இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை மாலை டூட்டி முடிந்து தம்பானூரிலிருந்து நடந்தே வந்தேன். காந்தி பூங்காவை அடுத்த ஒரு டீக்கடையில் ஒதுங்கினால், அங்கே அந்தக் குரலை வைத்தே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எச்.எம்.வி. கம்பெனிக்குப் பாடிய பழைய ஜேசுதாஸ் உசத்தியா, சொந்தக் கம்பெனி ஆரம்பித்த பிறகு தரங்கிணியில் பாடிய ஜேசுதாஸ் உசத்தியா என்பது வழக்கு.

வாதி, கரமனை அக்ரஹாரத்துப் பெரியவர். ஏஜீஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆயுள் முழுவதும் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். பிரதிவாதி, களக்காட்டிலிருந்து நாற்பது வருஷத்துக்கு முன் வந்து சாலைக் கடைத்தெருவுக்குள் மெஷின் போட்டிருக்கும் தையல்கார அண்ணாச்சி. சாட்சி, தக்கலைப் பக்கத்து பாய். ஒரு காலத்தில் இதே நடைபாதையில் காஸெட் விற்றவர். இன்று அதே இடத்தில் செல்போன் உறை விற்கிறார். தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்லை. என்னைக் கண்டதும், "ரயில்வே தம்பி வந்தாச்சு, பேப்பரில் எழுதுகிறவர்" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள்.

இளைய வாசகர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 1940-ல் கொச்சிக் கோட்டையில் பிறந்த ஜேசுதாஸ், 1961 நவம்பரில் 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காக எம். பி. ஸ்ரீநிவாசன் இசையில் முதன்முதலாகப் பாடினார். 1964-ல் வந்த வீணை எஸ். பாலசந்தரின் 'பொம்மை' அவரைத் தமிழர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அது முதல் அவருடைய சினிமாப் பாட்டுக்கள் பெரும்பாலும் கிராமபோன் கம்பெனியின் இசைத்தட்டுகளாகத்தான் வெளிவந்தன. குழாய் முன்னே நாய் உட்கார்ந்திருக்கும் படத்தை மறந்தவர் யார்?

அந்நாளைய ஏற்பாடு இதுதான்: சென்னையில் ஸ்டூடியோ எடுத்துப் பாட்டைப் பதிவு செய்வது படத் தயாரிப்பாளர். அதை இசைத்தட்டாக அடித்து விற்பது கம்பெனி. பாடகருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுப்பார்கள், அத்தோடு சரி. தட்டு பத்து விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அவர் கைக்கு வருவது அதேதான். 1960-களில் லதா மங்கேஷ்கரும் முகமது ரஃபியும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமலே இருந்தார்களே, அந்தப் பிணக்குக்கும் வேர் இதுவே. விற்பனையில் பாடகருக்கும் பங்கு வேண்டும் என்றார் லதா. பாடியதற்குப் பணம் வாங்கியாயிற்று, அப்புறம் என்ன உரிமை என்றார் ரஃபி. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை நீண்டது.

இந்த நிலையில் 1980-ல் ஜேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி என்ற பெயரில் சொந்த ஸ்டூடியோவும் சொந்த இசை வெளியீட்டு ஸ்தாபனமும் தொடங்கினார். மலையாள சினிமாப் பாட்டை ஸ்டீரியோ காஸெட்டாகக் கொண்டுவந்த பெருமை தரங்கிணிக்கு உண்டு. சினிமாவை நம்பாமல் ஓணத்துக்கு, மண்டல காலத்துக்கு என்று பண்டிகைதோறும் தனிப் பாட்டுத் தொகுப்புக்கள் வரத் தொடங்கின.

பெரியவரின் வாதம் சுருக்கமானது. "அங்கே இவர் பாடகர் மட்டும்தான் ஓய்! எதிரே தேவராஜன் மாஸ்டர் நின்னார். சரியில்லேன்னா 'இன்னொரு தடவை'ன்னு சொல்ல ஆள் இருந்தது. இங்கே இவரே முதலாளி. முதலாளியைப் பார்த்து, 'இது போறாது, திருப்பிப் பாடும்'னு எவன் சொல்லுவான்?"

உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, மெரிலாண்ட் பி. சுப்பிரமணியம் எடுத்து 1975-ல் வெளிவந்த 'சுவாமி ஐயப்பன்' படம். சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கும் ஹரிவராஸனத்தை மத்தியமாவதியில் அமைத்து ஜேசுதாஸைப் பாடவைத்தவர் தேவராஜன். மாஸ்டருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பாடியவர் பிறப்பால் கிறிஸ்தவர். கேட்டு உருகுகிறவர்கள் மாலை போட்ட சாமிமார். நம் பாய் வருஷம்தோறும் அந்தக் காஸெட்டை விற்றுத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "சாமி, நான் பதினெட்டு வருஷம் ஒரு பெரிய கடையில பீஸ் ரேட்டுக்குத் தைச்சேன். கல்யாணச் சட்டை தைச்சேன். பெரிய பெரிய ஆபீசருக்குக் கோட்டு தைச்சேன். காலர்ல கடைப் பேருதான் இருக்கும். தைச்சவன் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. சொந்தமா ஒரு மெஷின் வாங்கிப் போட்ட அன்னைக்குத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. அவரு செஞ்சதும் அதுதானே?"

"தூக்கம் வந்ததா என்பது கேள்வி இல்லை அண்ணாச்சி. சட்டை நன்னா இருந்ததா?"

"முதல் அஞ்சாறு வருஷம் பழைய கடையைவிட நல்லாவே இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி. தன் சட்டையைச் சொன்னாரா, ஜேசுதாஸின் பாட்டைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றியது.

ஏனென்றால், 'இன்னொரு தடவை' என்று சொல்ல ஆளில்லை என்ற பெரியவரின் வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. அதன் பெயர் ரவீந்திரன். குளத்தூப்புழை ரவி என்ற பெயரில் சென்னையில் பாட வாய்ப்புத் தேடியும் நடிகர்களுக்குக் குரல் கொடுத்தும் காலம் தள்ளியவர். ஜேசுதாஸுக்கு இங்கே சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியிலிருந்தே பழக்கம். இவர் இசையமைக்கலாம் என்று ஜேசுதாஸே எடுத்துச் சொல்ல, 1979-ல் 'சூள' என்ற படத்தில் ரவீந்திரன் இசையமைப்பாளரானார். தரங்கிணிக்காக அவர் அமைத்தவற்றில் ஸ்ரீகுமாரன் தம்பி எழுதிய 'உத்ஸவகானங்கள்', 1984-ல் பிச்சு திருமலை எழுதிய 'வசந்தகீதங்கள்' இரண்டும் இன்றுவரை ஓணக் காலத்தில் கேட்பவை. சினிமாவில் கதாநாயகன் மரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் பாட்டும் முடிந்தாக வேண்டும். இங்கே அந்த அவசரம் இல்லை. ராகத்தை விஸ்தாரமாக எடுத்து, மேல் ஸ்தாயியில் நிறுத்தி, இறங்கி வர இடம் இருந்தது. ரவீந்திரன் மெட்டைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாடகரைச் சும்மா விடுகிற மெட்டு அல்ல. தன்னை வேலை வாங்கக்கூடிய ஒருவரை முதலாளியே தேடிப் பிடித்தார் என்பதுதான் என் கட்சி.

பாயின் சாட்சியம் வேறு மாதிரி. அவர் இசையைப் பற்றிப் பேசவில்லை, வாங்க வந்தவர்களைப் பற்றிப் பேசினார். "தட்டு வாங்குறவன் காரில் வருவான். காஸெட் வாங்குறவன் நடந்து வருவான். கல்ஃபில் இருந்து வந்தவன் வீட்டில எல்லாம் டேப் ரிக்கார்டர் வந்துட்டு. கொத்தனார், லோடு ஏத்துறவன், ஓட்டல் பையன் எல்லாம் வந்து, 'இந்த வருஷத்து ஜேசுதாஸ் வந்தாச்சா'ன்னு கேப்பான். படம் பேரு கேக்க மாட்டான், ஆளு பேருதான். மலைக்குப் போகும்போது ஒண்ணு வாங்குவான். திரும்பி வந்து ஊருக்குப் போகும்போது இன்னொண்ணு."

அசலோடு நகலும் விற்றதுண்டா என்று கேட்டேன். பாய் சிரித்தபடி, "டீ ஆறுது தம்பி" என்றார்.

ஆனால் பாய் ஒரு விஷயத்தை மறைக்கவில்லை. வருஷங்கள் போகப் போக, காஸெட்டைக் கொண்டுபோனவர்கள் மறுநாள் வந்து, "போன வருஷத்து மெட்டு மாதிரியே இருக்கே" என்று சொல்லத் தொடங்கினார்களாம். கார்த்திகை வந்தால் ஐயப்பன் பாட்டு வந்தாக வேண்டும் என்றாகிவிட்டால், பாட்டு பிறக்கிறதோ இல்லையோ தேதி வந்துவிடுகிறது. எண்பதுகளின் கடைசியில் எஸ். ரமேசன் நாயர் எழுதி, ஜயவிஜயர்களில் ஒருவரான கே. ஜி. ஜயன் இசையமைத்த 'மயில்பீலி' போன்ற கிருஷ்ண பக்திப் பாட்டுக்கள் இதற்கு விலக்கு. மற்றபடி பிற்காலத் தொகுப்புக்கள் பலவற்றில் குரல் இருக்கிறது, பாட்டு இல்லை என்று பெரியவர் சொன்னபோது அண்ணாச்சியும் மறுக்கவில்லை. 1992-ல் தரங்கிணி ஸ்டூடியோவும் அலுவலகமும் சென்னைக்கு மாறின. "நாம பிழைக்க இங்கே வந்தோம், அவரு கம்பெனி அங்கே போயிட்டு" என்று மட்டும் சொன்னார் அண்ணாச்சி.

இந்த வழக்கு நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்த 'ஸோல்' இசைக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் ரே சார்லஸ். சிறு வயதிலேயே கண் பார்வை இழந்தவர். அட்லாண்டிக் என்ற கம்பெனியில் பாடிப் பெயர் வாங்கிய அவர், 1959-ல் ஏபிசி பாரமௌண்ட் கம்பெனிக்கு மாறினார். மாறும்போது, தாம் பாடிய மூலப் பதிவுகள் தமக்கே சொந்தமாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். அந்நாளில் வெள்ளைக்காரப் பாடகர்களுக்கே எளிதில் கிடைக்காத சலுகை அது. 1962-ல் அவர் வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டுக்களைத் தம் பாணியில் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார். அது விற்றுத் தீர்ந்தது. பழைய ரசிகர்கள் சிலரோ, வயலின் கூட்டத்துக்கு நடுவே நம் ரே காணாமல் போய்விட்டார் என்று குறைப்பட்டார்கள். அரீதா ஃபிராங்க்ளின் 1980-ல் அட்லாண்டிக்கை விட்டு அரிஸ்டாவுக்குப் போனபோதும் இதே பேச்சுத்தான். அங்கேயும் ஒரு டீக்கடை இருந்திருக்கும், நம் பெரியவரைப் போல ஒருவரும் இருந்திருப்பார்.

இளையராஜா ரசிகர்களிடையே எச்.எம்.வி. காலமா, எக்கோ காலமா என்று நடக்கும் சண்டையை நம் வாசகர்கள் அறிவார்கள். அதில் உரிமை விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதை எடுத்தால் இந்தப் பக்கம் போதாது.

பேச்சு இப்படியே போனால் ரயிலை விட்டுவிடுவோம் என்று நான் ஒரு சோதனை வைத்தேன். என் செல்போனில் நாலு பாட்டு, இரண்டு பழையது, இரண்டு தரங்கிணி. படம், கம்பெனி எதையும் காட்டாமல் ஒவ்வொன்றாகப் போட்டேன். (பழையவற்றில் இப்போது எச்.எம்.வி. என்று இராது, 'சரிகம' என்றுதான் இருக்கும்; 2000-ல் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது.) மூன்றாவது பாட்டுக்குப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் தாளம். முடிந்ததும், "இது பழசு. இந்த நிதானம் பின்னாடி ஏது?" என்றார்.

செல்போனைத் திருப்பிக் காட்டினேன். தரங்கிணி, 'வசந்தகீதங்கள்'.

அண்ணாச்சி எழுந்து நின்றே சிரித்தார். பெரியவர் அசையவில்லை. "ரவீந்திரன் இருந்தான், அதனால வந்தது. கம்பெனியால இல்லை" என்றார். ஏஜீஸ் ஆபீஸ்காரரிடம் ஒரு ஆட்சேபணையை வாபஸ் வாங்க வைப்பது லேசான காரியமா?

இதில் நான் முழுக்க நடுநிலை வகிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து சாலையில் ஒரு பலசரக்குக் கடையில் எடுபிடியாக இருந்தவர். 1979-ல் நாகர்கோவில் ரயில் பாதை திறந்த பிறகு மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய்வருவார். எங்கள் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் என்ற சாமான் கடைசிவரை நுழைந்ததில்லை. எச்.எம்.வி. ஜேசுதாஸ் எங்களுக்கு ரேடியோவில் வந்துபோகிறவர். அவர்கள் வைக்கும்போது கேட்கலாம். துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் அப்பா பழைய டூ-இன்-ஒன் ஒன்றைத் தவணையில் வாங்கினார். அதற்குப் பிறகு மாலை போடும் வருஷமெல்லாம் ஒரு தரங்கிணிக் காஸெட். பிஸ்கட் டின்னில் பதினோரு காஸெட் சேர்ந்தது. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவது என் வேலை. அவற்றில் இரண்டு மூன்று காஸெட் ஒன்றுபோலவே இருக்கும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு, நாமே பொத்தானை அழுத்தி, நமக்கு வேண்டிய பாட்டை நாமே வைத்துக் கேட்கலாம் என்பது அந்த ஒற்றை அறை வீட்டுக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான்.

பாடகருக்கும் விற்பனையில் பங்கு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2012 ஆயிற்று. அந்த ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. மறு ஆண்டே பாடகர்கள் தங்கள் உரிமைக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "அப்போ லதா அம்மா சொன்னதுதான் ஜெயிச்சுது" என்றார். "ரஃபி பாட்டுதான் ஜெயிச்சுது" என்றார் பெரியவர்.

மணி எட்டாகிவிட்டது. நாலு டீக்கும் பெரியவரே காசு கொடுத்தார், கொடுக்கும்போது, "வசந்தகீதங்கள் முழுசும் இதில் இருக்கா? எப்படித் தேடறது?" என்று தம் செல்போனை என்னிடம் நீட்டினார். பாய் அதை இடையிலேயே வாங்கிப் பார்த்து, இந்த மாடலுக்கு உறை தம்மிடம் இருக்கிறது என்றார்.