மெட்ராஸ் பேர்ல பறந்த டிஃபையன்ட்: 72-ல் ஒரு பங்கு அளவுல

இன்னைக்கு மேஜை மேல இருக்கிறது போல்டன் பால் டிஃபையன்ட், 1/72 ஸ்கேல். இரண்டாம் உலகப் போர் விமானம்னா முக்கால்வாசிப் பேர் ஸ்பிட்ஃபயர்தான் செய்வாங்க. நான் இதை எடுத்ததுக்குக் காரணம், இதை ஓட்டின ஒரு ஸ்குவாட்ரனோட பேர். பிரிட்டிஷ் விமானப்படையின் 264-வது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'னு பேர். போருக்கு நிதி கொடுத்த பகுதிகளோட பேரை இப்படி வெச்சாங்க. 79, 234-க்கும் இதே பேர்தான். நான் இருக்கிற முகையூர் அன்னைக்குத் தென்னாற்காடு ஜில்லா, அதே மெட்ராஸ் மாகாணம்.

விமானம் கொஞ்சம் விசித்திரமானது. முன்பக்கம் சுடுற துப்பாக்கி ஒண்ணுகூடக் கிடையாது. பைலட்டுக்குப் பின்னாடி ஒரு சுழலும் கண்ணாடிக் கூண்டு, அதுக்குப் பேர் டரெட். அதுல 4 பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி, ஒரு கன்னர். பாதுகாப்பு இல்லாம வர்ற குண்டுவீச்சு விமானத்துக்குப் பக்கத்துலயே பறந்து சுடணும்ங்கிறது திட்டம். 1940 மே 29, டன்கிர்க் வானத்துல 264 ஒரே நாள்ல 37 விமானத்தை வீழ்த்தினதா கணக்கு சொன்னாங்க (போர்க்காலக் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கோங்க). அப்புறம் எதிரி உஷாராயிட்டான், முன்னாடியிலிருந்தும் அடியிலிருந்தும் வந்தான். ஆகஸ்ட் 24-ல ஸ்குவாட்ரன் தலைவர் பிலிப் ஹன்டர் பறந்து போனவர் திரும்பவே இல்ல. கொஞ்ச நாள்லயே டிஃபையன்ட்டைப் பகல் சண்டையிலிருந்து எடுத்துட்டு, கருப்பு அடிச்சு ராத்திரி வேலைக்கு அனுப்பிட்டாங்க.

சரி, மாடலுக்கு வருவோம். நம்ம கைல இருக்க வேண்டிய முக்கியமான கருவி கால்குலேட்டர். எதைப் பார்த்தாலும் 72-ஆல வகுக்கணும். 12 மீட்டர் இறக்கை 16.7 சென்டிமீட்டர் ஆயிடும். திருப்பியும் போட்டுப் பாருங்க: பிளாஸ்டிக்ல 0.1 மில்லிமீட்டர் கோடு, நிஜத்துல 7 மில்லிமீட்டர் இடைவெளி. தகடுக்குத் தகடு அவ்வளவு சந்து விட்டு யாரும் விமானம் கட்ட மாட்டாங்க. அதனாலதான் தகட்டுக் கோடுகள்ல கருப்பு ஊத்தாதீங்கன்னு சொல்றேன். உடல் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியான பழுப்பு, சாம்பல் போதும். இன்னொண்ணு, நம்ம ஊர் மே மாச வெயில்ல அக்ரிலிக் பெயின்ட் பிரஷ்லயே காய்ஞ்சிடும். ரிடார்டர் ரெண்டு சொட்டு கலந்துக்கோங்க, இல்லன்னா விடியற்காலைல அடிங்க.

டரெட்தான் இந்த மாடலோட உயிர். கிட்ல வர்ற துப்பாக்கிக் குழாய் அகப்பைக் காம்பு மாதிரி இருக்கும். வெட்டி எறிஞ்சுட்டு, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற மெல்லிய ஊசியை நறுக்கி ஒட்டுங்க, குழாய் ஓட்டையும் தானாவே வந்துடும். கண்ணாடிக்கு சாதா பசை வேணாம், பனி படிஞ்ச மாதிரி வெளுத்துடும். காய்ஞ்சா கண்ணாடி மாதிரி தெளியுற வெள்ளைப் பசை போடுங்க.

உள்ளே கன்னரை உக்கார வைக்கும்போது ஒரு விஷயம் உறைக்கும்: இடமே இல்ல. நிஜத்துலயும் அப்படித்தான். வழக்கமான பாராசூட் மாட்டிக்கிட்டு உக்கார முடியாதுன்னு, பாராசூட்டை உடையோடவே சேர்த்துத் தச்ச தனி உடுப்பு கொடுத்தாங்க. வெளியேறுற கதவு டரெட்டோட முதுகுல. டரெட்டைப் பக்கவாட்டுல திருப்பினாதான் அது வழியா குதிக்க முடியும். மின்சாரம் போச்சுன்னா கையால சுத்தணும், எரியுற விமானத்துக்குள்ள. ஹன்டரோட அன்னைக்குப் போன கன்னரும் திரும்பல.

பெட்டி மேல இருக்கிற படத்துல பெரும்பாலும் துப்பாக்கி பின்பக்கம் பார்த்து நேரா இருக்கும், பார்க்க அழகுதான். நான் டரெட்டைப் பக்கவாட்டுல திருப்பி, கதவைக் கத்தியால அறுத்துத் திறந்து ஒட்டியிருக்கேன். பகல் நிறம்தான், பச்சையும் பழுப்பும். பக்கத்துல 264-ஓட குறியெழுத்து பிஎஸ். டெக்கால் இன்னும் முழுசா காயல, போட்டோ நாளைக்குப் போடுறேன்.