என்ஜினீயர் ஆக இரண்டு பாதை!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர் உண்டா? 11 நிலை. 192 அடி உயரம்!

"இதை எப்படியப்பா கட்டினார்கள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அப்படிக் கேட்கிற பிள்ளையைக் கவனியுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை கட்டிட என்ஜினீயர் ஆகலாம்.

"அவ்வளவு காலம் படிக்கவைக்க நமக்கு ஏது வசதி?" என்று பெருமூச்சு விடாதீர்கள். வழி இருக்கிறது. அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது!

என்ன வேலை?

வீடு கட்டுவது மட்டும்தான் இந்த என்ஜினீயரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரோடு, பாலம், அணை, குடிநீர், சாக்கடை எல்லாமே இந்தப் படிப்பில் அடங்கும்.

ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், வத்திராயிருப்பு பக்கம் உள்ள பிளவக்கல் அணையும் இந்தக் கலையின் பலன்கள்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். கான்கிரீட் பலமாக இருக்கிறதா என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது. அந்தக் கலவையை 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்க்கிறார்கள். தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். 28-ம் நாள் எந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கு பிசகினால்? வீட்டில் குடியிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து!

ஆகவே, கணக்கில் விருப்பமும் வேலையில் நேர்மையும் வேண்டும். வெயிலில் நிற்கவும் தயங்கக்கூடாது.

6 ஆண்டு கணக்கு

முதல் பாதை எல்லோருக்கும் தெரிந்தது. 10-ம் வகுப்புக்குப் பிறகு 2 ஆண்டு மேல்நிலைப் படிப்பு. கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்க வேண்டும். பிறகு 4 ஆண்டு பி.இ. மொத்தம் 6 ஆண்டு.

இரண்டாவது பாதை பாலிடெக்னிக். 10-ம் வகுப்பு முடித்ததும் 3 ஆண்டு டிப்ளமோ. அதை முடித்தவர்கள் பி.இ. படிப்பில் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம். இன்னும் 3 ஆண்டு. இதுவும் மொத்தம் 6 ஆண்டுதான்!

பிறகு என்ன வித்தியாசம்?

இரண்டாவது பாதையில், பாதி வழியிலேயே கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். குடும்பத்தில் பணமுடை வந்தால் வேலைக்குப் போகலாம். கை நிமிர்ந்த பிறகு மேலே படிக்கலாம்.

முதல் பாதைக்கும் ஒரு லாபம் உண்டு. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பி.இ. சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

ராஜபாளையத்தில் பி.ஏ.சி.ராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963-ல் தொடங்கப்பட்டது. அதே ஊரில் ராம்கோ என்ஜினீயரிங் கல்லூரி 2013-ல் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மதுரை போகும் ரோட்டில் கிருஷ்ணன்கோவில். அங்கே 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் என்ஜினீயரிங் கல்லூரி இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அரசு நடத்தும் பொதுக் கலந்தாய்வில் இதற்கு இடம் கிடைக்காது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த ஆண்டு கட்டிடப் பிரிவு நடக்கிறதா? அதற்கு அங்கீகாரம் இருக்கிறதா?"

பெண்கள் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம்! சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் 1944-லேயே பி.கே.திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இரு பெண்கள் இந்தப் படிப்பை முடித்தார்கள். திரேசியா 1971-ல் கேரள பொதுப்பணித்துறையின் தலைமை என்ஜினீயர் ஆனார்!

80 ஆண்டுகளுக்கு முன்பே திறந்த கதவை நாம் ஏன் சாத்த வேண்டும்?

என்ன உத்தியோகம்?

பட்டம் பெற்றவர்கள், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி உதவி என்ஜினீயர் ஆகலாம். டிப்ளமோ படித்தவர்கள் இளநிலை வரைதொழில் அலுவலர் ஆகலாம். தனியார் கட்டிட நிறுவனங்களிலும் வேலை உண்டு. அனுபவம் வந்ததும் சொந்தமாக காண்டிராக்ட் எடுக்கலாம்.

படித்த மறுநாளே பெரிய சம்பளம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் சம்பளம் குறைவாக இருக்கலாம். வேலை கற்றுக்கொள்ளும் காலம் அது.

பெற்றோர்களே! மதிப்பெண் குறைந்துவிட்டது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு பாதை அடைத்தால் இன்னொரு பாதை இருக்கிறது.

கோபுரம் ஒரே நாளில் எழுந்துவிடவில்லை. நிலை நிலையாகத்தான் எழுந்தது. படிப்பும் அப்படித்தான்!