வீட்டுப் பிராணிகளுக்கு மருந்து கொடுத்தல்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் முதலிற் கைக்கு வருவது பரசிற்றமோல் குளிசையாகும். பனடோல் என்னும் பெயராலேயே பலரும் அதனை அறிவர். வீட்டுப் பூனை உணவை வெறுத்துச் சோர்ந்து படுத்தால், பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் அக்குளிசையைக் கரைத்து அதன் வாயில் வார்ப்போரும் உளர். அன்பினாற் செய்யும் இச்செயலே அப்பூனையின் உயிருக்கு இறுதியாகி விடுதல் கூடும்.

இதற்குக் காரணம் பூனையின் ஈரலில் உள்ளது. மனிதருடைய ஈரல் பரசிற்றமோலின் பெரும்பகுதியைத் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே போக்கிவிடும். அதற்கு வேண்டிய நொதியம் பூனையிடம் மிகக் குறைவு. ஆகவே மருந்து நஞ்சாகிச் செங்குருதித் துணிக்கைகளைத் தாக்க, அவை பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றன. முரசு கபில நிறமடையும். முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றை 4 கிலோகிராம் பூனைக்குக் கொடுப்பது, நிறைக் கணக்கின்படி, 60 கிலோகிராம் மனிதர் ஒருவர் 15 குளிசைகளை ஒரே வேளையில் விழுங்குவதற்குச் சமம்! மாற்று மருந்து உண்டு. ஆனால் சில மணித்தியாலங்களுள் மிருக வைத்தியரிடம் சேர்த்தல் வேண்டும். கொடுத்தது எது, எவ்வளவு, எப்போது என்பதை நாணி மறைத்தல் ஆகாது.

நாய்களின் உண்ணிக்கென விற்கப்படும் துளிமருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரினும் பூனைக்கு வலிப்பை வருவிக்கும். மனிதரின் வலி நீக்கும் இபுபுரோபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும்.

வைத்தியர் தந்த மருந்தைக் கொடுக்கும் முறையும் அறியத்தக்கது. அவித்த சூடை மீனின் முள்ளை நீக்கி, சதைக்குள் குளிசையைப் பொதிந்து கொடுத்தால் நாய் பெரும்பாலும் விழுங்கிவிடும். பூனையோ மீனைத் தின்று குளிசையைத் துப்பும் சாமர்த்தியம் உடையது. அதனைத் துவாயிற் சுற்றிப் பிடித்து, நாவின் அடியிற் குளிசையை இட்டு, பின்னர்ச் சிறிது நீர் புகட்டல் வேண்டும். இன்றேற் குளிசை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்குவதுண்டு. நீர்மருந்தை ஊசி கழற்றிய சிரிஞ்சினாற் கன்னப் பக்கமாகச் சிறிது சிறிதாக விடுக. தலையை அண்ணாத்திப் பிடித்து வார்த்தால் அது சுவாசப்பைக்குட் புகுந்துவிடும்.

உண்ணியால் வரும் எர்லிக்கியா நோய்க்கு டொக்சிசைக்கிளின் கொடுத்ததும் நாய் சில நாளில் எழுந்து சோறு தின்னும். அத்துடன் மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். வைத்தியர் பெரும்பாலும் 28 நாளுக்கு அதனை எழுதுவது வீணுக்கன்று. எஞ்சிய கிருமி மீண்டும் தலையெடுக்கும். பூச்சி மருந்தையும் நிறை பார்த்தே கொடுத்தல் வேண்டும். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலேயே அதனைத் தொடங்குவர். நாயின் குடற்பூச்சி குழந்தைகளையும் பற்றக்கூடியது.

ஒரு நிலையில் மட்டும் எந்த மருந்தும் கொடுக்க முயலலாகாது. வாயிலிருந்து நீர் வடிய, நாடி தொங்க, விழுங்க இயலாது நிற்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாய்க்குட் கையை விடுவோர் உண்டு. அது விசர்நோயின் குறியாகவும் இருக்கலாம். எச்சில் பட்டுவிட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.