கொப்பியை மூடிவிட்டுச் சொல்லுங்கள்

சனிக்கிழமை பின்னேரம் கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் உயர்தர மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். காலையிலிருந்து டியூஷன், மடியில் தடித்த சீ.ஆர். கொப்பி. அண்மையில் என் பக்கத்துச் சீட்டில் இருந்த மாணவி தன் புவியியல் கொப்பியைக் காட்டினாள். தலைப்புக்குச் சிவப்பு, உபதலைப்புக்குப் பச்சை, அடித்தல் திருத்தல் எதுவுமில்லை. "சேர் சொன்னதுல ஒரு சொல்லும் விடல்ல" என்றாள். அன்றைய பாடம் பொல்கொல்லைத் திட்டம்.

"பொல்கொல்லையில மறிச்ச மகாவலித் தண்ணி எங்க போகுது மகள்?"

கை கொப்பியைத் திறக்கப் போனது. பார்க்காமல் சொல்லச் சொன்னேன். பஸ் பேராதனையைத் தாண்டியும் பதில் வரவில்லை.

அவள்மீது குற்றமில்லை. சொல்வதை அப்படியே எழுதுவதுதான் படிப்பு என்று பழக்கியவர்கள் நாம். கை ஓடும் வேகத்தில் யோசிக்க ஏது நேரம்? படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவைத்தார்.

கண்டிக்கு வடக்கே, மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அதை வாயால் ஓதியே காத்தார்கள். நெஞ்சில் இருந்தது பிறகு ஏட்டுக்குப் போனது. நம் பிள்ளைகளுக்கோ ஏட்டில் இருக்கிறது, நெஞ்சுக்கு வருவதில்லை.

வழி மிக எளிது. பக்கத்தின் இடப்புறம் நான்கு விரல் அகலம் விட்டு எழுதுங்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் சொல்லிக்கொடுத்த முறை இது. அன்றிரவே அந்த வெற்றிடத்தில் பாடத்தைக் கேள்வியாக்குங்கள்: 'பொல்கொல்லைத் தண்ணீர் எங்கே, எதற்காக?' பிறகு வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்: சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையம், அங்கிருந்து சுது கங்கை, கடைசியில் உலர்வலய வயல்கள். தடுமாறும் இடத்தில் மட்டும் கையை எடுங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நீண்டநாள் நிற்கும். ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன.

வீட்டில் மேசை இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கும் இது முடியும். கலஹா வரையான பஸ் பயணமே போதும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் எதுவும் சொல்லி எழுதவைக்காதீர்கள். கொப்பிகளை மூடச் சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.