காணி வாங்கப் போறீங்களா? உறுதியைப் பாருங்கள்!



வேலை நின்றதும் கைக்கு வருவது சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான். அதில் பத்து பேர்ச் காணியாவது வாங்கிப் போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் "தெரிஞ்ச ஆள்தானே" என்று முத்திரையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கும்போது விற்பவர் கையெழுத்து வைக்க வேண்டும். வெறும் கடுதாசிக்கு காணி உங்கள் பெயருக்கு வராது.

காசு கொடுக்க முன்னே, பழைய உறுதியையும் பிளானையும் வாங்கி, உங்கள் நொத்தாரிசிடம் காட்டுங்கள். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு வைத்ததா, பங்காளிகள் இருக்கிறார்களா என்று அங்கே தெரியவரும். அரசாங்கப் பெர்மிட் காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உறுதி எழுதினால் மட்டும் போதாது. உடனே பதிய வேண்டும். விற்றவர் அதே காணியை இன்னொருவருக்கும் விற்று, அவர் மோசடியில்லாமல் முந்திப் பதிந்துவிட்டால், அவர் உறுதிதான் முன்னுக்கு நிற்கும்.

உறுதியை உங்கள் பாஷையில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். விளங்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். இது ஒரு ஆயுளின் உழைப்பு.