வேலியே மேய்ந்த கீபோர்டுகள்

1984இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜூனோ-106 சிந்தசைசரை யாராவது இன்று விற்க வந்தால், விவரம் தெரிந்தவர் விலையைப் பேசுவதற்கு முன்பே அதன் ‘கீ டிரான்ஸ்போஸ்’ பொத்தானைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போடுவார். கருவி சோதனை நிலைக்குப் போய்விடும். பிறகு ஏதாவது ஒரு கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். ஜூனோவுக்கு மொத்தம் ஆறு குரல்கள். இப்போது ஒலிப்பது எத்தனையாவது குரல் என்று சிறிய திரையில் எண் மாறிக்கொண்டே வரும். ஒன்று, இரண்டு, மூன்று ஒழுங்காக ஒலித்து, நான்கு வரும்போது மட்டும் கரகரத்தாலோ, சத்தமே வராமல் போனாலோ, நோய் எங்கே என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அந்த நோயின் பெயர் 80017ஏ. ஒரு குரலுக்கு ஒன்று வீதம் ஆறு சில்லுகள் உள்ளே இருக்கின்றன. ஒலியின் கூர்மையை வடிகட்டுவதும், அளவைக் கூட்டிக் குறைப்பதும் இவற்றின் வேலை. சில்லு என்று பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் அது விரல் நீளச் சர்க்யூட் போர்டு. அதன்மேல் நுண்ணிய பாகங்களைப் பதித்து, மொத்தத்தையும் கறுப்பு எபாக்ஸிப் பிசினால் மூடியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பாகங்கள் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். அவற்றைக் காக்கப் பூசிய பிசின்தான் வயதாக ஆக மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. போகக் கூடாத இடத்துக்கு மின்னோட்டம் கசிய, குரல் கெடுகிறது.

வைத்தியம் எளிமையானதுதான், பொறுமைதான் அதிகம் வேண்டும். சில்லைப் போர்டிலிருந்து கால் ஒடியாமல் கழற்றி, மூடிபோட்ட கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஊறவைக்கிறார்கள். நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அதே அசிட்டோன்தான். ஓரிரு நாளில் பிசின் இளகும். அதைப் பல்குச்சியால் நோகாமல் உரித்தெடுத்து, சில்லைத் திரும்ப வைத்துப் பற்றவைத்தால், ஊமையாகிப்போன குரல் பல நேரங்களில் திரும்பிவிடும். திரும்பாவிட்டால், இன்றைய பாகங்களைக் கொண்டு அதே அளவில் அதே கால்களோடு செய்த மாற்றுச் சில்லுகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒன்று போனால் மற்றவையும் வரிசையாகப் போகும் என்பதால், அனுபவசாலிகள் ஆறையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவார்கள்.

பல பத்தாண்டுகளைக் கடந்த கீபோர்டுகளின் பிணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்தக் கதை மறுபடி மறுபடி வருகிறது. வாசித்து வாசித்துத் தேய்ந்து கெட்டவை குறைவு. காப்பதற்கென்று உள்ளே வைத்த பொருளே கெடுத்தவைதான் அதிகம். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இதில் மிகக் கொடுமையானது கோர்க் பாலிசிக்ஸ். 1981இல் வந்த இந்தக் கருவி, இசைஞர் உருவாக்கும் 32 ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாதபோதும் அந்த நினைவு அழியாமல் இருக்க, கேஎல்எம்-367 என்னும் போர்டின் மேலேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பேட்டரி கசிந்தது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடும் காரம். தலைமுடி அளவுக்கு மெல்லியதாக ஓடும் செம்புத் தடங்களை அது அரித்துத் தின்றுவிடும். பேட்டரி இருப்பதோ கருவியின் மூளை உட்கார்ந்திருக்கும் போர்டில். அதனால் ஒரு பாலிசிக்ஸில் கட்டைகள் பேசாது, இன்னொன்றில் பொத்தான்கள் தாறுமாறாக எரியும், மற்றொன்றில் ஒலி வரும், ஆனால் வேறு ஏதோ ஒலி வரும்.

மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது பேட்டரியைச் சுற்றிப் பூத்திருக்கும் பச்சையும் வெள்ளையுமான பொடி. முதலில் பேட்டரியை வெட்டி எடுத்துவிட வேண்டும். காரத்தை அடக்க அமிலம் வேண்டும் என்பதால் சமையலறை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்கள், பிறகு சுத்த நீராலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் கழுவுவார்கள். அதற்குப் பின்தான் உண்மையான வேலை. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு தடத்தின் இரு நுனிகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பீப்’ என்றால் தடம் உயிரோடு இருக்கிறது. சத்தம் இல்லையென்றால் அறுந்துவிட்டது என்று பொருள், மெல்லிய கம்பியால் அதை இணைத்தாக வேண்டும். சில்லுகள் செருகியிருக்கும் சாக்கெட்டுகளின் அடியிலும் காரம் ஊர்ந்து போயிருக்கும் என்பதால் அவற்றையும் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது.

புதிய பேட்டரி போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பழையது சார்ஜ் ஏற்றக்கூடியது. இப்போது பலரும் அதற்குப் பதிலாக நாணயம் போன்ற லித்தியம் பேட்டரியைப் போடுகிறார்கள், அதில் சார்ஜ் ஏற்றக் கூடாது. போர்டிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் பாயும் வழியைத் துண்டிக்காமலோ, ஒரு டையோடு வைத்துத் தடுக்காமலோ விட்டால் அது வீங்கும், வெடிக்கவும் கூடும். அரிப்பு எல்லை மீறிய போர்டுகளுக்கு மாற்றாக, ஆர்வலர்கள் அதே அளவில் புதிய போர்டையே வடிவமைத்து விற்கிறார்கள். கோர்க் கைவிட்ட பாகத்தைக் கோர்க்கோடு தொடர்பே இல்லாதவர்கள் உயிர்ப்பித்திருப்பது இந்தத் துறையின் பெருமைகளில் ஒன்று.

ரோலண்டின் ஜேடி-800க்கு (1991) வந்த கேடு பசையால் வந்தது. கட்டைகளுக்குக் கனம் கொடுக்க ஒவ்வொன்றின் அடியிலும் சிறு உலோகத் துண்டை வைத்துச் சிவப்பு எபாக்ஸியால் ஒட்டியிருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பசை இளகி, பாகுபோல வழிந்து, கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. அதே காலத்து ரோலண்ட் கருவிகள் வேறு சிலவற்றிலும் இதே தொல்லை உண்டு. கட்டைகளை எல்லாம் கழற்றிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் பசை விட்டுவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. கைக்கும் கண்ணுக்கும்தான் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும், அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இவையெல்லாம் சேகரிப்பாளர்கள் கொண்டாடும் கருவிகள். நம் ஊர்த் தேவாலயத்திலும் மெல்லிசைக் குழுவிலும் இருபது, முப்பது ஆண்டுகளாக உழைக்கும் யமஹாவுக்கும் கேஸியோவுக்கும் வரும் நோய் இவ்வளவு பயங்கரமானதல்ல. ஒரு கட்டை ஊமையாகும், இன்னொன்று மெதுவாகத் தொட்டாலும் அலறும். கட்டையின் அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கிறது, அதற்குள் கரி பூசிய இரண்டு கறுப்புப் பொட்டுகள். அழுத்தும்போது ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் போர்டைத் தொடும். இரண்டுக்கும் நடுவே உள்ள கால இடைவெளியை வைத்துத்தான் விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கருவி கணக்கிடுகிறது. தூசியோ ஈரமோ அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பொட்டையும் போர்டையும் துடைத்தால் பெரும்பாலும் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் கரிப்பூச்சு போய்விடும், பிறகு ரப்பர் பட்டையையே மாற்ற வேண்டியதுதான். பட்டை தேடும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாமல் நீளத்தையும் குமிழ்களின் எண்ணிக்கையையும் அளந்து பார்ப்பது நல்லது. ஒரே பட்டை பல மாடல்களுக்குப் பொருந்துவது உண்டு.

ஜப்பானிலிருந்து நேரடியாக வந்த பழைய கருவியை வாங்குபவர்கள் முதலில் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். 100 வோல்ட் என்று எழுதியிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகிய கணத்தில் அதன் பவர் சப்ளை கருகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

துடைத்தும் ஊறவைத்தும் தீராத நோய்க்குச் சில்லு வேண்டும். அங்கேதான் தேடல் தொடங்குகிறது. டக் கர்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த சிஇஎம்3340 என்ற ஒலியெழுப்பிச் சில்லு, பிராஃபெட்-5இன் மூன்றாம் பதிப்பு, ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ, மெமரிமூக், ரோலண்ட் எஸ்எச்-101 என ஒரு தலைமுறைக் கருவிகளுக்கே அடித்தளம். அதன் உற்பத்தி நின்ற பிறகு, ஒரு கருவியைப் பிழைக்கவைக்க இன்னொரு கருவியைப் பிரித்துப் போடும் நிலை வந்தது. கர்டிஸ் 2007இல் இறந்தார். பிறகு லாட்வியாவின் ரிகா நகரிலிருந்து ஆல்ஃபா நிறுவனத்தின் ஏஎஸ்3340 வந்தது, 2016இல் அசல் சிஇஎம்3340 மறுபடி உற்பத்திக்கு வந்தது. பழையதைப் பழுதுபார்ப்பவர்களோடு புதிதாகச் செய்பவர்களுக்கும் அதே சில்லு தேவைப்பட்டதுதான் இதற்குக் காரணம்.

யமஹா டிஎக்ஸ்7 (1983) இதற்கு நேர்மாறு. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையை ஒலியாக்குவது, யமஹா தனக்கென்றே செய்துகொண்ட இரண்டு சில்லுகள். அவற்றை வேறு யாரும் செய்து விற்கவில்லை. ஆனாலும் டிஎக்ஸ்7 வைத்திருப்பவர் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற கருவி அது, பாகத்துக்காகப் பிரிக்கச் செத்த டிஎக்ஸ்7 எங்காவது கிடைக்கும். குறைந்த எண்ணிக்கையிலேயே செய்யப்பட்ட, எண்பது கிலோவுக்கு மேல் கனக்கும் அதே யமஹாவின் சிஎஸ்-80க்கு அந்த வசதி இல்லை. வாங்க நினைப்பவர்கள் அரிய கருவியைத் தேடி ஓடுவதைவிட, ஊரெல்லாம் இருந்த கருவியை வாங்குவதே மேல். அதுதான் நெடுநாள் வாசிக்கக் கிடைக்கும்.

எந்தக் கடையிலும் கிடைக்காத பாகம் ஒன்றும் உண்டு: முந்தைய உரிமையாளர் உட்கார்ந்து உருவாக்கிவைத்த ஒலிகள். டிஎக்ஸ்7இன் நினைவை உள்ளே பற்றவைத்த சிஆர்2032 பேட்டரி ஒன்றுதான் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றிய கணத்தில் 32 ஒலிகளும் போய்விடும். ஆகவே திருப்புளியை எடுப்பதற்கு முன் மிடி கேபிளால் கருவியைக் கணினியோடு இணைக்க வேண்டும். ஃபங்ஷன் நிலையில் 8ஆம் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் வரும் ‘சிஸ் இன்ஃபோ அன்அவெயில்’ என்பதை ‘அவெயில்’ என்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ஒலிகளை அனுப்பும் வழியே திரையில் தோன்றாது. மாற்றிவிட்டு அதே பொத்தானை மறுபடி அழுத்தினால், ‘மிடி டிரான்ஸ்மிட்?’ என்று கருவியே கேட்கும். ஆம் என்றால் 32 ஒலிகளும் சேர்ந்து 4,104 பைட் அளவில் ஒரே கோப்பாகக் கணினிக்கு வந்துவிடும். அந்தக் கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டு, பிறகு சால்டரிங் அயர்னைச் சூடேற்றலாம்.