அங்கியைக் கழற்றி வைத்த பாதிரியார்

டர்பன் துறைமுகம். 1914-ம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ந் தேதி.

இந்தியாவில் இருந்து வந்த கப்பலில் இருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். ஒருவர் சி.எப்.ஆண்ட்ரூஸ். டெல்லியில் கல்லூரி ஆசிரியர், பாதிரியாரும் கூட. மற்றவர் அவருடைய நண்பர் பியர்சன். தென் ஆப்பிரிக்காவில் நம்மவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்து உதவி செய்யும்படி கோகலே அவர்களை அனுப்பி இருந்தார்.

வரவேற்க வந்த கூட்டத்தில் காந்தி எங்கே என்று ஆண்ட்ரூசுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற போலக் என்ற நண்பரிடம் கேட்டார். அவர் சுட்டிக்காட்டிய இடத்தில், தலையை மொட்டை அடித்துக்கொண்டு, தோட்டக் கூலி உடுத்துவது போன்ற வெள்ளைத் துணி உடுத்தி, மெலிந்த மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சிறையில் இருந்து வெளியே வந்து 15 நாள்தான் ஆகி இருந்தது.

ஆண்ட்ரூஸ் குனிந்து அவருடைய காலைத் தொட்டு வணங்கினார்.

அவ்வளவுதான்! டர்பன் வெள்ளைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒரு வெள்ளைக்காரர், அதிலும் ஒரு பாதிரியார், ஆசியாக்காரர் காலைத் தொடுவதா என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது.

கொதித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். காலைத் தொட்டவரும் கிறிஸ்தவர்தான். இரு தரப்பாரும் கையில் வைத்திருந்தது ஒரே வேதப்புத்தகம். இதில் உண்மையான கிறிஸ்தவர் யார் என்பதை ஆண்ட்ரூஸ் மேடை ஏறி விவாதித்துக் கொண்டிருக்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

மூன்று பவுன் வரி

1860-ம் ஆண்டு முதல் 1911-ம் ஆண்டு வரை சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் இந்தியர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். பெரும் பகுதியினர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும்தான்.

ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்த நாட்டிலேயே தங்க விரும்பினால் ஆளுக்கு ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். அதாவது, புதிதாகப் போன கூலியின் ஆறு மாதச் சம்பளம்! கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டுப் போட வேண்டியதுதான். அதற்காகவே போட்ட வரி அது.

1913-ம் ஆண்டு இதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ்ப் பெண்கள் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வெளியே வரச் சொன்னார்கள். 2 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் காந்தியின் பின்னால் டிரான்ஸ்வால் எல்லைக்கு நடந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய சுரங்க நகரத்தின் பெயர் நியூகாசில். ஆண்ட்ரூஸ் 1871-ம் ஆண்டு பிறந்த இங்கிலாந்து நகரத்தின் பெயரும் நியூகாசில்தான். அங்கேயும் நிலக்கரிதான்!

காந்திக்கும் மந்திரி ஸ்மட்சுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தையில் ஆண்ட்ரூஸ் பாலமாக இருந்தார். வெள்ளைக்காரர் வீட்டுக் கதவுகள் அவருக்குத் திறந்தன. இந்தியர் குடிசைகளிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

இதற்கு நடுவே ஒரு துக்கச் செய்தி வந்தது. இங்கிலாந்தில் நோயுற்றிருந்த தாயார் இறந்து விட்டார். ஆண்ட்ரூஸ் தாயிடம் உயிரையே வைத்திருந்தவர். தென் ஆப்பிரிக்க வேலை முடிந்ததும் அங்கே போவதாக இருந்தார். கடைசி முறை முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, தந்தி கிடைத்தும் ரெயில் ஏற முடியாமல் தவித்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அவர் அங்கிருந்து கப்பல் ஏறிய அதே பிப்ரவரி மாதத்தில்தான், சிறையில் காய்ச்சல் கண்டு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 16-வது வயதில் கண்ணை மூடினாள். அந்த ஆண்டிலேயே 3 பவுன் வரி ஒழிந்தது.

தழும்பு விழுந்த முதுகு

நேட்டாலில் பார்த்த ஒரு காட்சி ஆண்ட்ரூசின் மனதை விட்டு அகலவே இல்லை.

தோட்டத்தில் இருந்து தப்பி வந்த ஓர் இந்தியக் கூலி. உடம்பெல்லாம் அடிபட்ட தழும்பு. ஆண்ட்ரூசைப் பார்த்ததும் அவன் நடுங்கி ஒடுங்கினான். அடிக்க வந்த வெள்ளைக்காரர் என்று நினைத்து விட்டான்! தன் தோலின் நிறமே ஒரு மனிதனை இப்படி நடுங்க வைக்கிறதே என்று அவர் வெட்கப்பட்டார்.

மறு ஆண்டு, 1915-ல், ஆண்ட்ரூஸ் காலராவில் விழுந்தார். பிழைத்ததே பெரிது. உடம்பு தேறுவதற்காக சிம்லாவில் தங்கி இருந்தபோது, அந்தக் கூலியின் முகம் அவர் கண் முன் வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிறிஸ்துவின் முகமாக மாறியது. இந்த அனுபவத்தை அவரே ஆங்கிலக் கவிதையாக எழுதி இருக்கிறார்.

நோயாளியின் மயக்கம் என்று யாரும் சொல்லலாம். ஆனால் பசித்தவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் செய்ததைத் தனக்கே செய்ததாக ஏற்றுக்கொள்வேன் என்று கிறிஸ்து சொன்னதை ஆண்ட்ரூஸ் எழுத்துக்கு எழுத்து நம்பினார். அப்படி நம்புகிறவருக்கு அது மயக்கமாகத் தோன்றாது. உடம்பு தேறியதும் அவர் பிஜித் தீவுக்குப் புறப்பட்டு விட்டார்.

தேடி வந்த பதவி

கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் வால்வொர்த் பகுதியில் குருப்பணி செய்து, 1904-ம் ஆண்டு மார்ச் மாதம் 20-ந் தேதி டெல்லிக்கு வந்தவர் ஆண்ட்ரூஸ். அந்த நாளைத் தன் இரண்டாவது பிறந்த நாளாகக் கொண்டாடினார். செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை.

இரண்டே ஆண்டில் கல்லூரியின் பிரின்சிபால் பதவி காலியாயிற்று. வெள்ளைக்காரரான ஆண்ட்ரூசுக்குத்தான் என்று பலரும் நினைத்தார்கள். அவரோ, பல ஆண்டுகளாக அங்கே பணியாற்றி வந்த சுசில் குமார் ருத்ரா என்ற வங்காளிக் கிறிஸ்தவரை ஒதுக்கி விட்டு அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று சொல்லி விட்டார். ருத்ராவுக்கு இல்லை என்றால் தானும் விலகுவதாகக் கூறினார். ருத்ராவே பிரின்சிபால் ஆனார். அந்தக் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவர் அவர்தான்.

ஆபீசில் சீனியாரிட்டி பட்டியலுக்காக வருடக் கணக்கில் மனு எழுதிக் கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய காரியம் என்று.

என் நண்பன் நரகத்துக்கா?

1914-ம் ஆண்டு ஆண்ட்ரூஸ் இன்னொரு முடிவு செய்தார். இதுதான் அவரை மிகவும் வதைத்த முடிவு.

ஆங்கிலத் திருச்சபையின் பழைய விசுவாசப் பிரமாணம் ஒன்று, குறிப்பிட்ட கொள்கைகளை அப்படியே நம்பாதவர்கள் நித்திய அழிவை அடைவார்கள் என்று கூறுகிறது. குருவாக இருப்பவர் அதைச் சபை முன்னால் சொல்ல வேண்டி இருந்தது. டெல்லியில் அவருக்குத் தகப்பனார் போல இருந்தவர் மவுல்வி சாக்காவுல்லா என்ற முஸ்லிம் பெரியவர். ஆரிய சமாஜத்தின் முன்ஷிராம் (பின்னால் சுவாமி சிரத்தானந்தர்) அவருடைய நெருங்கிய நண்பர். தாகூர் மீது அவருக்கு இருந்த அன்பு உலகம் அறிந்தது. இவர்கள் எல்லாம் அழிந்து போவார்கள் என்று பீடத்தின் முன் நின்று எப்படிச் சொல்வது? வாய் ஒன்று சொல்ல, மனம் வேறு ஒன்று சொன்னால் அது ஜெபம் ஆகுமா?

வேறு சில கோட்பாடுகளிலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. மறைக்கவில்லை. அங்கியைக் கழற்றி வைத்து விட்டு, சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் போய்ச் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் உடையாயின.

கூட இருந்த மிஷனரிகள் பலர் மனம் புண்பட்டார்கள். ஆண்ட்ரூஸ் கிறிஸ்துவை விட்டு விட்டார், விரைவில் இந்து ஆகி விடுவார் என்ற பேச்சும் கிளம்பியது. அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சத்தியம் செய்து கொடுத்து ஏற்ற பொறுப்பை ஒருவர் இறக்கி வைத்தால் சபைக்கு வருத்தம் வருவது இயற்கை.

ஆனால் ஆண்ட்ரூஸ் எந்த மதத்துக்கும் மாறவில்லை. கிறிஸ்துவுக்குத் தான் பட்ட கடனைப் பற்றி 1932-ல் ஒரு புத்தகமே எழுதினார். சந்தேகங்கள் தெளிந்த பின், 1930-களில் மறுபடியும் குருப்பணியை ஏற்றுக்கொண்டார். இடையில் ஏறக்குறைய 20 வருடம், அங்கி இல்லாத அந்தக் காலத்தில்தான், அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை நடந்தன.

கரும்புத் தோட்டத்தில்

பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடிய அதே பிஜிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆண்ட்ரூசும் பியர்சனும் 1915-ம் ஆண்டு இறுதியில் போய்ச் சேர்ந்தார்கள். 1879-ல் தொடங்கி சுமார் 60 ஆயிரம் பேர் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். அதில் சுமார் 15 ஆயிரம் பேர் 1903-க்குப் பிறகு சென்னையில் இருந்து கப்பல் ஏறியவர்கள்.

ஊரில் ஆள் பிடிக்கிறவன் கையில் இருந்த ஒப்பந்தத் தாளில், ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ் கூலி என்று ஆசை காட்டி இருந்தது. அங்கே அரிசி பருப்பு என்ன விலை என்பது அதில் இல்லை. குறித்த வேலையை அன்றைக்கு முடிக்காவிட்டால் அது கிரிமினல் குற்றம், கோர்ட்டில் நிறுத்தித் தண்டிப்பார்கள் என்பதும் இல்லை.

10 அடிக்கு 7 அடி அறை. மூன்று ஆண்களுக்கு ஓர் அறை, அல்லது ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் ஏற்றினார்கள். இந்த ஒரு கணக்கில் இருந்து எத்தனை சண்டை, எத்தனை கொலை, எத்தனை தற்கொலை விளைந்தன என்பதைப் பார்த்து ஆண்ட்ரூஸ் பதைத்தார். லயன் லயனாக நடந்து, தொழிலாளியிடம் கேட்டு, முதலாளியிடமும் கேட்டு, அறிக்கை எழுதினார்கள். முறையைத் திருத்தினால் போதாது, அடியோடு நிறுத்த வேண்டும் என்றார்கள்.

1916 மார்ச் மாதம் சட்டசபையில் மாளவியா தீர்மானம் கொண்டு வந்தார். வைசிராய் ஹார்டிஞ்சு ஒப்புக்கொண்டார். ஆனால் இன்னும் ஐந்து வருடம் ஆள் அனுப்புவார்கள் என்ற செய்தி கசிந்தது. ஆண்ட்ரூஸ் மறுபடியும் ஊர் ஊராகப் போய்க் குரல் எழுப்பினார். 1917-ல் ஆள் ஏற்றுவது நின்றது. அவர் இரண்டாம் முறையும் பிஜிக்குப் போனார். 1920 ஜனவரி 1-ந் தேதி மிச்சம் இருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. "தீனபந்து" - எளியவர்களின் உறவினர் - என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

மன்னிப்புக் கேட்டவர்

1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் பஞ்சாபுக்குப் போனார். அமிர்தசரசில் அவரைக் கைது செய்து திருப்பி அனுப்பினார்கள். ராணுவச் சட்டம் நீங்கிய பின் மீண்டும் போனார். சாட்டையடி பட்ட ஒரு சீக்கியப் பெரியவரின் காலைத் தொட்டு, தன் நாட்டார் செய்த குற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 1921-ல் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஊர் திரும்பிய தொழிலாளர்களை சாந்த்பூர் ரெயில் நிலையத்தில் கூர்க்கா சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். அவர்களிடையே காலரா பரவியது. முன்பு காலராவில் சாகக் கிடந்தவர் அங்கேயும் போய் நின்றார்.

காந்திக்கு அவர் ஆமாம்சாமி அல்ல. யுத்தத்துக்கு ஆள் சேர்க்க 1918-ல் காந்தி முயன்றபோது எதிர்த்தார். அன்னியத் துணியைக் கொளுத்துவதையும் ஒப்புக்கொள்ளவில்லை. காந்தியை "மோகன்" என்று பெயர் சொல்லி அழைத்தவர் அவர். காந்திக்கு அவர் "சார்லி".

குறை இல்லாதவர் அல்ல. ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலைக்கு ஓடுகிறவர். தாகூரிடம் அவர் காட்டிய பக்தி சில நேரம் தாகூருக்கே பாரமாக இருந்தது. யாரையும் மதம் மாற்றுவதை அவர் தன் தொழிலாகக் கொள்ளவில்லை. தான் கிறிஸ்தவன் என்பதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. சி.எப்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களுக்குக் "கிறிஸ்துவின் உண்மையுள்ள அப்போஸ்தலர்" என்று விரிவு சொன்னவர்கள் உண்டு.

1940 ஏப்ரல் 5-ந் தேதி கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் காலமானார். ஆஸ்பத்திரியில் காந்தி வந்து பார்த்து விட்டுப் போயிருந்தார். லோயர் சர்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1971-ல் நூற்றாண்டின்போது இந்திய சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

டெல்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஆண்ட்ரூஸ் கஞ்ச் தெரியும். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால், யாரோ பழைய வெள்ளைக்கார கவர்னராக இருக்கும் என்று சொல்லி விட்டு பஸ்சைப் பிடிக்க ஓடுகிறவர்கள் உண்டு.